பங்கும் பந்தியும்: சிறுமலைச் சாரல் கத்தோலிக்கரின் பொதுவிருந்து

1. தோற்றுவாய்

மதுரைக்கு வழி வினவிய கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் மூன்று நெறிகளை விரித்துரைத்தலைச் சிலப்பதிகாரக் காடுகாண் காதையிற் காண்கின்றோம். அவற்றுள் வலப்பக்கத்து நெறியில் மாவும் பலாவும் வாழையும் செறிந்து விளங்குவதாக அவன் சுட்டும் பாண்டியன் மலை சிறுமலையாகும். அம்மலைக்கும், மேற்கே ஓங்கி நிற்கும் கொடைக்கானல் மலைத்தொடர்க்கும் இடைப்பட்ட சமவெளியில் திண்டுக்கல் நகரும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் அமைந்துள்ளன. ஊர்தோறும் ஒரு கோயில் என்பது தமிழ்நாட்டு வழக்கு. இவ்வட்டாரத்துச் சிற்றூர்கள் பலவற்றில் அக்கோயில் மாதா கோயிலாகவோ அந்தோணியார் கோயிலாகவோ செபஸ்தியார் கோயிலாகவோ இருத்தலைக் காணலாம். திண்டுக்கல் புனித சூசையப்பர் ஆலயம் 1866 முதல் 1872 வரை கட்டப்பெற்றது. திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்தினின்று பிரிந்து 2003 நவம்பர் 10ஆம் நாள் திண்டுக்கல் தனி மறைமாவட்டமானபோது, அவ்வாலயமே பேராலயமாயிற்று.

இம்மக்களின் சமய வாழ்வை ஆராய்வோர் பெரும்பாலும் ஆலய வரலாறு, மறைப்பணியாளர் வரலாறு, கிறித்தவ இலக்கிய வரலாறு என்னும் மூன்றினையே நாடுவர். அவை மூன்றும் வேண்டுவனவே. ஆயினும், எழுத்தறியா உழவர் குடி தன் நம்பிக்கையை எவ்வடிவிற் கண்டது, எவ்வடிவிற் காத்தது என்னும் வினாவிற்கு ஏட்டில் கிடைக்கும் விடை சிறிது. அவ்விடையைத் திருவிழாப் பந்தியில் தேடுதல் தகும் என்பது நம் கருத்து. பங்கு, பந்தி என்னும் இரு சொற்களை முன்வைத்து அதனை ஈண்டு ஆராய்வோம்.

2. பங்கு என்னும் சொல்

ஒரு குருவின் பொறுப்பிலுள்ள இறைமக்கள் கூட்டத்தையும் அவர்கள் வாழும் எல்லையையும் தமிழ்க் கத்தோலிக்கர் 'பங்கு' என வழங்குகின்றனர். ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் சொற்கள் 'பரோய்க்கியா' என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தவை. அயலில் வாழ்தல், வேற்றூரில் அயலாராய்த் தங்கியிருத்தல் என்பன அதன் பொருள். இவ்வுலகில் கிறித்தவர் வழிப்போக்கரே என்னும் பழங்கருத்து அச்சொல்லில் உறைந்துள்ளது. தமிழர் அச்சொல்லை ஒலிபெயர்த்தும் கொள்ளவில்லை, பொருள்பெயர்த்தும் கொள்ளவில்லை. தென்பாண்டிச் சீர்திருத்தத் திருச்சபையார் 'சேகரம்' என்று வழங்க, கத்தோலிக்கர் 'பங்கு' என்னும் சொல்லைக் கைக்கொண்டனர். பங்குச்சாமியார், பங்குத்தந்தை, பங்குமக்கள், பங்குப்பேரவை என அச்சொல் கிளைத்துத் தழைத்தது.

பங்கு என்பது பகு என்னும் அடியோடு தொடர்புடைய சொல். பகுதல், பகிர்தல், பகுத்தல், பகுதி, பாதீடு ஆகியன அதன் உறவுச் சொற்கள். இவ்வடிக்கு இருமுகம் உண்டு. பிறர்க்கும் கிடைக்குமாறு பகிர்ந்தளித்தல் ஒன்று; ஒன்றாயிருப்பதைக் கூறுபடுத்திப் பிரித்தல் மற்றொன்று. பகுத்துண்டலும் பகுத்தலே, பாகப்பிரிவினையும் பகுத்தலே. பங்கு வாழ்வின் வரலாறு முழுவதும் இவ்விரு பொருள்களின் இடையே நிகழ்ந்த இழுபறியாகவே நமக்குத் தோன்றுகின்றது.

3. பந்தி என்னும் சொல்

வரிசை என்னும் பொருளுடைய 'பங்க்தி' என்ற வடசொல் தமிழிற் பந்தி என நின்று, உண்போர் வரிசையைக் குறித்தது. அற நூல்கள் எனப்படும் வடமொழி மிருதிகள், எவரெவர் இருத்தலால் வரிசை தூய்மையுறும், எவரெவர் இருத்தலால் அது மாசுறும் எனப் பட்டியலிட்டுரைக்கும். எனவே உடனிருந்து உண்ணுதல் என்பது வெறும் பசியாற்றும் செயலன்று. ஒருவன் யாரோடு உண்பான் என்பது அவன் யார் என்பதைக் காட்டும் சான்றாயிற்று. பிற்காலத்தே 'சமபந்தி' என்றொரு தொடரைப் படைக்க வேண்டிய தேவை நமக்கு நேர்ந்ததே, பந்தி இயல்பாகச் சமமாய் இருந்ததில்லை என்பதற்குச் சான்றாம்.

4. உணவைப் பிரித்து வந்த மறை

மதுரை மறைப்பணித் தளத்தின் தொடக்க வரலாறு இதனோடு வைத்து நோக்கத்தக்கது. தத்துவ போதகர் எனப் பெயர் பூண்ட இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரை வந்தடைந்தார். அவர்க்கு முன்னரே ஆங்குப் பணியாற்றிய கொன்சாலோ பெர்னாண்டசு 'பரங்கி'யரின் நடையுடை பாவனையராகவே கருதப்பட்டார். ஊனும் கள்ளும் உண்ணும் பரங்கியர் சமயம் என்றே மக்கள் கிறித்தவத்தை எண்ணினர். நொபிலி ஊன் நீக்கினார், காவியுடுத்தார், பார்ப்பனச் சமையற்காரரை அமர்த்தினார், பெர்னாண்டசுடன் ஒரே இல்லத்தில் உண்டு உறைதலையும் விட்டார். தம் சபையைச் சேர்ந்த உடன்பிறப்பின் பந்தியிலிருந்தே விலகிய பின்னர்த்தான் உயர்குடியினர் என்போர் அவர் சொல்லைச் செவிமடுத்தனர்.

இம்முறையால் விளைந்த இடர் விரைவிலேயே புலப்பட்டது. உயர்குடியினர்க்குப் பணியாற்றும் சந்நியாசிக் குரு ஏனையோரிடம் வெளிப்படையாகச் செல்லுதல் இயலாதாயிற்று. எனவே 1640இல் பால்தசார் தா கோஸ்தா 'பண்டாரசாமி' என்னும் மற்றொரு கோலத்தை மேற்கொண்டார். பண்டாரசாமிமார் பல்வேறு குடியினருடனும் பழகக் கூடியவராயினர். சிற்றூர்களில் மறை பரவியதற்கு அவர்களே பெருங்காரணர். எனினும், மறை ஒன்றாயினும் குருமார் இருவகையினர் என்னும் நிலை நின்றுவிட்டது. பகுத்தல் என்பதன் இரண்டாம் பொருள் திருச்சபையின் அமைப்பினுள்ளேயே இவ்வாறு இடம்பெற்றது. நொபிலியின் தமிழ்ப்பணியைப் போற்றும் நாம் இதனையும் உடன் வைத்தே மதிப்பிடல் வேண்டும்.

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. 1838இல் அச்சபையார் மதுரைத் தளத்திற்கு மீண்டும் வரும்வரை குருமார் மிக அருகினர். அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்விடைவெளியில் நம்பிக்கையைக் காத்தவர் உபதேசியாரும் கோயிற்பிள்ளையும் ஊர்ப்பெரியோருமே. இத்தகைய உபதேசியார்க்கெனவே வீரமாமுனிவர் முன்னர் 'வேதியர் ஒழுக்கம்' இயற்றினார் என்பது நினைக்கத்தக்கது. குரு இன்றித் திருப்பலி இல்லை. ஆனால் குரு இன்றியும் செபமாலையும் தேரும் விருந்தும் உண்டு. எனவே பங்கின் உயிர், பீடத்தினின்று ஊர்ப் பொதுவிடத்திற்கு ஓரளவு பெயர்ந்து நின்றது எனலாம்.

5. முத்தழகுப்பட்டிப் பொதுவிருந்து

இவ்வட்டாரத் திருவிழாக்கள் உழவர் வாழ்வோடு பின்னிப் பிணைந்தவை. கால்நடைகளின் காவலராகப் போற்றப்படும் வனத்து அந்தோணியாரின் திருநாள் சனவரி 17. அது பொங்கலை அடுத்து வருவது. கொசவபட்டி, புகையிலைப்பட்டி, உலகம்பட்டி முதலிய ஊர்களில் ஆலயத் திருவிழாக்களை ஒட்டி ஏறு தழுவுதல் நடைபெற்று வருதலை முல்லைக்கலி பயின்றோர் வியப்பின்றி ஏற்பர்.

இத்தகைய விழாக்களுள் பொதுவிருந்தாற் பெயர்பெற்றது, திண்டுக்கல்லை ஒட்டிய முத்தழகுப்பட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத் திருவிழா. செபஸ்தியார் மூன்றாம் நூற்றாண்டில் உரோமையில் அம்பெய்யப்பட்டுத் துன்புற்ற மறைச்சான்றாளர். 680இல் இத்தாலியிற் பரவிய கொள்ளைநோய் அவர் வேண்டுதலால் தணிந்தது என்னும் வரலாற்றால், நோய்தீர்க்கும் காவலராக அவர் உலகெங்கும் வணங்கப்பட்டார். கழிச்சலும் அம்மையும் ஊரை அழித்த காலங்களில் தமிழ்ச் சிற்றூர்கள் அவரைத் தஞ்சமடைந்ததன் காரணம் இதனால் விளங்கும். திருவழிபாட்டு நாட்காட்டியில் அவர் திருநாள் சனவரி 20. முத்தழகுப்பட்டியிலோ பெருவிழா ஆகஸ்டுத் தொடக்கத்தில், ஆடித் திங்களில் நிகழ்கின்றது.

நோய் நீங்கினோரும் மகப்பேறு எய்தினோரும் வேறு வேண்டுதல் நிறைவேறப் பெற்றோரும் ஆடு, கோழி, அரிசி, காய்கறி முதலியவற்றை நேர்ச்சையாகக் கொணர்ந்து ஆலயத்தில் ஒப்படைப்பர். அவ்வாறு கொணர்வோருள் இந்துக்களும் இசுலாமியரும் உளர். வந்தவை அனைத்தும் பெருங்கலங்களில் கறிச்சோறாகச் சமைக்கப்பெற்றுப் பல்லாயிரவர்க்கு இரவு முழுவதும் பரிமாறப்படுகின்றன. உண்ண வருவோரிடம் சமயம் வினவுதல் இல்லை.

இவ்விருந்தின் அமைப்பில் இரு கூறுகள் கருதற்பாலன. முதலாவது, நேர்ந்தவனின் பொருள் பொதுக்கலத்தில் பெயரிழந்து போதல். ஆடு பத்துக் கொடுத்தவனும் ஒருபடி அரிசி கொடுத்தவனும் தத்தம் பொருளை இலையில் அடையாளங் காணமாட்டார். இரண்டாவது, அது ஊனுணவாதல். ஊன் நீக்கி உயர்வு காட்டிய குருவின் வழியே இப்பகுதிக்கு வந்த மறை, ஊனுண்ணும் எளிய மக்களின் உணவையே தன் பெருவிழாவாகக் கொண்டது. நொபிலி அஞ்சி விலக்கிய கலத்தை இம்மக்கள் நடுவே கொணர்ந்து வைத்தனர் என்று கூறின் மிகையாகாது.

திருப்பலி 1960களின் நடுப்பகுதி வரை இலத்தீனிலேயே நிகழ்ந்தது. நற்கருணையை அடிக்கடி உட்கொள்ளும் வழக்கமும், திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் காலத்து 1905ஆம் ஆண்டு ஆணைக்குப் பின்னரே மெல்லப் பரவிற்று. எனவே பல தலைமுறைகளாக எளிய பங்குமக்கட்கு உடனுண்ணல் என்னும் கிறித்தவ மறைபொருள், பீடத்தில் விளங்கியதினும் பந்தியிலேயே தெளிவாக விளங்கியிருத்தல் கூடும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் (1962–1965) பீடமும் தமிழ் பேசலாயிற்று. பந்தியோ அதற்கு முன்னரே தமிழாயிருந்தது.

6. தானமும் தருதலும்

பொதுவிருந்தைக் குறிக்க நம் நாட்டுச் சமயங்கள் வெவ்வேறு சொற்களை வழங்குகின்றன. இந்துக் கோயில்களில் அன்னதானம் என்பர். தென்மாவட்டக் கிறித்தவர் அசனம் என்பர். உண்டி எனப் பொருள்படும் வடசொல் அது. இசுலாமியர் கந்தூரி என்பர். உணவு விரிப்பைக் குறிக்கும் பாரசீகச் சொல் அது. முத்தழகுப்பட்டி விருந்தையும் நாளிதழ்கள் அன்னதானம் என்றே எழுதுகின்றன. அச்சொல் இங்குப் பொருந்துமா?

ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் இரப்போன் நிலைநோக்கித் தொல்காப்பியர் வேறுபடுத்துகின்றார். ஈ என்பது இழிந்தோன் கூற்று. தா என்பது ஒப்போன் கூற்று. கொடு என்பது உயர்ந்தோன் கூற்று. தானம் என்னுமிடத்து ஈவோன் மேலும் ஏற்போன் கீழுமாக நிற்பர். முத்தழகுப்பட்டியில் நேர்ச்சை தந்தவனும் அதே சோற்றை உண்கின்றான். அவன் தன் கடனைத் தீர்க்கின்றானேயன்றி எவர்க்கும் ஈவதில்லை. ஆதலின் இது 'தா' என்னும் சொல்லுக்குரிய ஒப்போர் விருந்து எனலாம். போர்மேற் செல்லும் வேந்தன் படைஞர்க்களிக்கும் பெருஞ்சோற்று நிலையினின்று இது வேறுபடுதலும் காண்க: ஆண்டு அளிப்பவன் ஒருவன், ஈண்டு அளிப்போர் அனைவரும்.

கொரிந்தியர்க்கு வரைந்த முதல் திருமுகத்தின் 11ஆம் பிரிவில் புனித சின்னப்பர் கடிந்துரைப்பதும் இதுவே. ஆண்டவரின் விருந்துக்குக் கூடியோர் தத்தம் உணவை முந்தி உண்ண, ஒருவர் பசித்திருக்க மற்றொருவர் மிகையாய்க் குடித்திருந்தனர். அது ஆண்டவரின் விருந்தாகாது என்பது அவர் தீர்ப்பு. தனித்தனிக் கலம் ஒழிந்து பொதுக்கலம் ஆதலே அக்கடிதத்தின் கோரிக்கை.

7. பந்திக்கு அப்பால்

ஓரிரவுப் பந்தியின் சமன்மை ஆண்டு முழுவதும் நிலைக்கின்றதா என்பதே இனி எஞ்சும் வினா. தமிழகத் திருச்சபையின் வரலாறு இவ்வினாவிற்கு எளிதான விடை தரவில்லை. நெல்லைச் சீமை வடக்கன்குளம் ஆலயத்தினுள் சாதியாரைப் பிரித்து நின்ற தடுப்பு, பங்குத்தந்தை கௌசானல் அடிகளாரால் 1910இல் அகற்றப்பட்டது. 1990இல் தமிழக ஆயர் பேரவை தலித்து கிறித்தவர்க்கெனப் பத்து அம்சத் திட்டம் வகுத்தது. ஆயினும் 2008 மார்ச்சில், அன்று விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த எறையூரில் கலவரம் மூண்டு, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஆங்குத் தலித்து கத்தோலிக்கர் முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று தங்கட்குத் தனிப் பங்கு வேண்டும் என்பதாம். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 திசம்பரில் வெளியிட்ட தலித்து மேம்பாட்டுக் கொள்கையும் திருச்சபையினுள் சாதி வேறுபாடு நிலவுதலை ஒப்புக்கொண்டது.

தனிப் பங்கு என்னும் தொடரை மொழிநூலார் கூர்ந்து நோக்கல் வேண்டும். பகிர்தல் மறுக்கப்பட்டவிடத்துப் பகுதலே நீதியாகக் கேட்கப்படுகின்றது. சொல் ஒன்றே, அதன் முதற்பொருள் வழக்கிழந்தவிடத்து இரண்டாம் பொருள் எழுந்து நிற்கின்றது. பிரிவினை கேட்டோரைக் குறை கூறுவோர், தேர் செல்லும் தெருவும் பிணம் செல்லும் வழியும் கல்லறை நிலமும் பந்தியைப் போல் பொதுவாயினவா என முதற்கண் வினவுதல் முறையாகும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், திண்டுக்கல் வட்டாரக் கத்தோலிக்கரின் நம்பிக்கை வாழ்வில் பொதுவிருந்து திருவிழாவின் இணைப்பன்று, அதன் நடுப்பொருள் என்பது பெறப்படும். பங்கு என்னும் சொல்லின் நற்பொருளை அது ஆண்டுக்கொருமுறை மெய்ப்பிக்கின்றது. ஏனைய நாட்களின் ஒழுக்கத்தை அளக்கும் அளவுகோலாகவும் நிற்கின்றது. நேர்ச்சை, அசனம், சப்பரம், மந்திரிப்பு முதலாகச் சிற்றூர்ப் பங்குகளில் வழங்கும் சொற்கள் முதியோர் நாவோடு மறைந்து வருகின்றன. அவற்றை ஊர்தோறும் சென்று, வழங்கும் குடியும் இடமும் குறித்துத் தொகுத்தல் தமிழ்த்துறை ஆய்வு மாணவர்க்கு உடனடிக் கடனாகும். எச்சொல் எவர் வாயில் வழங்குகின்றது, எவர் வாயில் வழங்கவில்லை என்பதை அத்தொகுப்புக் காட்டுமாயின், பந்தி எதுவரை நீண்டது, எங்கு முடிந்தது என்பதும் அதனால் விளங்கும்.