பனிக் கண்டத்திற்கு வெப்பம் வந்த வழி

பூச்சியத்திற்குக் கீழே 12 பாகை செல்சியஸ் என்னும் குளிரை 'வெப்பம்' என்று கூற யார்தாம் துணிவர்? ஆயினும், 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அந்தாட்டிக்காவின் உள்நாட்டில் வெப்பமானி அந்த அளவையும் தாண்டி ஏறியபோது, வானிலை ஆய்வாளர் வியந்து நின்றனர்.

கிழக்கு அந்தாட்டிக்காவிலே, கடல் மட்டத்திலிருந்து 3,200 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், கொன்கோடியா என்னும் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. பிரான்சும் இத்தாலியும் அதனைக் கூட்டாக நடத்துகின்றன. மார்ச்சில் அங்கே கோடை முடிந்து ஞாயிறு தாழ்ந்து செல்லும். பூச்சியத்திற்குக் கீழே 50 பாகையளவான குளிரே அப்போது இயல்பு. அவ்வாண்டு மார்ச்சு 18ஆந் திகதியோ வெப்பநிலை இயல்பைவிட ஏறக்குறைய 39 பாகை உயர்ந்தது.

இவ்வெப்பத்தை ஞாயிறு தந்ததென்று கூறுதல் இயலாது. சாய்ந்து விழும் ஒளி வலிமை குன்றியது. அதிலும் பெரும்பகுதியை வெண்பனி திருப்பி அனுப்பிவிடும். வெப்பம் வேற்றிடத்திலிருந்தே வந்தது.

அவுஸ்திரேலியாவுக்குத் தெற்கே ஓர் உயரமுக்கப் பகுதி நகராது தங்கியது. மேற்கிலிருந்து கிழக்காகக் கண்டத்தைச் சுற்றியோடும் காற்று, அத்தடையினால் தெற்கு நோக்கித் திரும்பியது. இந்து சமுத்திரத்தில் அந்நாள்களில் எழுந்த சூறாவளிகளும் காற்றோட்டத்தை அலைத்து இதற்குத் துணைபுரிந்தன. இங்ஙனம், நீராவி நிறைந்த இளஞ்சூட்டுக் காற்று, நீண்டு குறுகிய ஆறுபோலப் பனிக் கண்டத்தினுட் புகுந்தது. இதனை 'வளிமண்டல ஆறு' என்பர்.

நீராவி ஒடுங்கி முகிலாகும்போது தன்னுள் மறைந்திருந்த வெப்பத்தை வெளிவிடும். அம்முகில், தரைக்குக் கம்பளி போர்த்தாற்போல் நின்றது. வானம் தெளிவாயிருப்பின் பனித்தரை தன் வெப்பத்தை விண்வெளிக்கு இழக்கும். அதனாற் கடுங்குளிர்க் காற்று நிலத்தையொட்டிப் படிந்திருக்கும். முகில் அவ்விழப்பைத் தடுத்தது. வீசிய காற்று குளிர்ப்படலத்தைக் கலைத்தது. வெப்பநிலை ஏறியது.

துருவங்களுக்கு வெப்பம் செல்லும் வழி இஃதொன்று மட்டுமன்று. 2020 பெப்ரவரி 6ஆந் திகதி, அந்தாட்டிக்கக் குடாநாட்டிலுள்ள எஸ்பெரன்சா நிலையத்தில் 18.3 பாகை வெப்பம் பதிவாயிற்று. மலையேறி ஈரம் இழந்த காற்று, மறுபுறம் இறங்குகையில் அமுக்கப்பட்டுச் சூடேறியதே அதற்குக் காரணம். மட்டக்களப்பு மக்கள் நன்கறிந்த கச்சான் காற்றும் இவ்வகையினதே. அவ்வாண்டு யூன் 20ஆந் திகதி, ஆட்டிக் வட்டத்துக்குள் அமைந்த சைபீரிய நகரான வெர்க்கொயான்ஸ்கில் 38 பாகை பதிவாயிற்று. அங்கே உயரமுக்கம் தங்கி வானைத் தெளிவாக்க, அத்தமியாத ஞாயிறு பனி நீங்கிய நிலத்தை இரவும் பகலும் காய்ச்சியது.

கொன்கோடியாவிற் பனி உருகவில்லை. மேலும், அந்த வளிமண்டல ஆறு கண்டத்தின்மீது பொழிந்த பனி, உருகிய பனியிலும் மிகுதி. ஆனால், முன்னரே நலிந்திருந்த கொங்கர் என்னும் மிதக்கும் பனித்தட்டு, அதே மார்ச்சு மாத நடுப்பகுதியிற் கரையோரத்தில் நொறுங்கியது. மிதக்கும் பனி உருகுவதனாற் கடல் மட்டம் பெரிதும் உயராது என்பது உண்மையே. எனினும், இத்தகைய தட்டுகள் பல, பின்னேயுள்ள நிலப்பனி கடலில் வழிந்து சேராதவாறு அணைபோல் தடுத்து நிற்கின்றன.

அன்று உயர்ந்த 39 பாகையில், மனிதரால் விளைந்த புவி வெப்பமேற்றத்தின் பங்கு ஏறக்குறைய 2 பாகையே என ஆய்வாளர் கணித்துள்ளனர். இரண்டுதானே என்று நாம் அமைதி கொள்ளலாமா? உறைந்த உள்நாட்டில் இரண்டு பாகை ஒரு பொருட்டன்று. உறைநிலையை அண்மித்து நிற்கும் கரையிலோ, பனி பனியாகவே இருப்பதையும் நீராய் ஓடுவதையும் அந்த இரண்டு பாகையே தீர்மானிக்கக்கூடும்.