பாம்புப் பண்ணை பிறந்த கதை



'பாம்பென்றால் படையும் நடுங்கும்' என்பார்கள். ஆனால், காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் பாம்பைப் பார்க்கும் இடம் நம் சென்னையிலேயே இருக்கிறது. அதுதான் கிண்டி பாம்புப் பண்ணை! அடையாறிலிருந்து சர்தார் படேல் சாலையில் வந்தால், காந்தி மண்டபத்தைத் தாண்டி, சிறுவர் பூங்காவின் பக்கத்தில் இருக்கிறது.

இதைத் தொடங்கியவர் ரோமுலஸ் விட்டேக்கர். 1943ல் நியூயார்க்கில் பிறந்து, சிறு வயதில் இந்தியா வந்து, கொடைக்கானலில் படித்தவர். தாம்பரம் அருகே சேலையூரில் சிறிய அளவில் ஆரம்பித்த பண்ணையை, 1972ல் கிண்டிக்குக் கொண்டு வந்தார்.

பாம்பு பிடிப்பதில் அவருக்குக் குரு யார் தெரியுமா? பேராசிரியர்கள் அல்ல; இருளர் பழங்குடி மக்கள்! மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்தே, பாம்பு எந்தப் பொந்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

அந்நாளில் பைகளும் பெல்ட்டுகளும் செய்ய, பாம்புத் தோல் வெளிநாடுகளுக்குப் போனது. தோலை விற்றுத்தான் இருளர்கள் பிழைத்தார்கள். ஏராளமான பாம்புகள் மடிந்தன. பாம்பு குறைந்தால் எலி பெருகும். வயலில் நெல் மிஞ்சுமா? 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னர் தோல் வியாபாரமும் நின்றது.

பாம்பு பிழைத்தது. ஆனால், இருளர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

அதற்கும் வழி பிறந்தது. 1978ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள்! அந்த விஷத்தை மிகச் சிறிய அளவில் குதிரைகளுக்குச் செலுத்துவார்கள். குதிரையின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளே பாம்புக்கடிக்கு மருந்தாகிறது. ஒரு காலத்தில் பாம்பைக் கொன்று பிழைத்த கைகள், இன்று மனித உயிரைக் காக்கின்றன.

மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்கள், 2017ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பள்ளிப் படிப்பு மட்டும்தான் அறிவு என்று இனி யாராவது சொல்வார்களா?

நான் ஆசிரியராக இருந்தபோது, பண்ணைக்குள் நுழையும் முன் மாணவர்களிடம் இரண்டு விஷயம் சொல்வேன். ஒன்று, கண்ணாடியைத் தட்டாதீர்கள். இரண்டு, யாரையாவது பாம்பு கடித்தால் கயிறு கட்டவோ, கீறவோ, வாயால் உறிஞ்சவோ கூடாது. கடிபட்டவரை அசையாமல் வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

இந்த விடுமுறைக்கு அப்பா, அம்மாவுடன் கிண்டிக்குப் போய் வாருங்கள். அங்கே பாம்பைப் பார்க்கும்போது, இருளர்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வீர்கள்தானே?