கப்பிக் கணக்கைக் கண்டு கலங்கலாமா?

கோலார் தங்கவயலில் பிறந்த பிள்ளைகளுக்குக் கப்பி புதிதல்ல. சுரங்க வாயின்மேல் நிற்கும் இரும்புக் கோபுரத்தின் உச்சியிலுள்ள பெரிய சக்கரமும் ஒரு கப்பிதான். அதன்மேல் ஓடிய கம்பிவடத்தை நம்பித்தான் தமிழகத்திலிருந்து குடிவந்த தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பூமிக்குள் இறங்கினார்கள்.

2001-ம் ஆண்டு பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பலர் இன்று மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூர்க் கல்லூரிகளுக்குச் செல்கின்றனர். ஆனால் பி.யு.சி. முதலாண்டு பௌதிகப் புத்தகத்தில் அதே கப்பி படமாக வந்து நின்றால் மிரண்டு போகிறவர்கள் பலர்!

மிரளத் தேவையே இல்லை. கணக்கு இதுதான்: கப்பியின்மேல் ஒரு கயிறு. ஒரு முனையில் 6 கிலோ, மறுமுனையில் 4 கிலோ. கையை விட்டால் முடுக்கம் என்ன? கயிற்றின் இழுவிசை, அதாவது 'டென்ஷன்' என்ன? கயிறுக்கும் கப்பிக்கும் எடையில்லை, உராய்வும் இல்லை. புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கொள்வோம்.

எங்கே தவறுகிறது?

'6 கிலோ தொங்குகிறது, ஆகவே இழுவிசை 60 நியூட்டன்' என்று எழுதிவிடுவதுதான் வழக்கமான தவறு. கயிறு 60 நியூட்டன் இழுத்தால் 6 கிலோ நின்ற இடத்திலேயே நிற்கும். 40 நியூட்டன்தான் இழுக்கிறது என்றால் 4 கிலோ மேலே ஏறாது. ஆகவே விடை இரண்டுக்கும் இடையில் இருந்தாக வேண்டும். பேனாவைத் தொடுமுன்பே இவ்வளவு தெரிந்துவிடுகிறது!

இனி ஒவ்வோர் எடையையும் தனித்தனியே படம் வரைய வேண்டும். கயிறு நீளாது, ஆகவே இரண்டுக்கும் ஒரே அளவு முடுக்கம். கயிறு ஒன்றே, ஆகவே இரு பக்கமும் ஒரே இழுவிசை. கீழிறங்கும் எடைக்கு, 60-லிருந்து இழுவிசையைக் கழித்தால் முடுக்கத்தைப் போல் 6 மடங்கு. மேலேறும் எடைக்கு, இழுவிசையிலிருந்து 40-ஐக் கழித்தால் முடுக்கத்தைப் போல் 4 மடங்கு. இரண்டையும் கூட்டினால் இழுவிசை அடிபட்டுப் போகும். 20 என்பது முடுக்கத்தைப் போல் 10 மடங்கு. முடுக்கம் 2, இழுவிசை 48 நியூட்டன்.

சூத்திரத்தை மட்டும் நெட்டுருப் போட்டவர்கள், கப்பியே நகரும் கணக்கு வந்தால் திண்டாடுவார்கள். அங்கே கயிற்றின் நுனி 2 மீட்டர் நகர்ந்தால் கப்பி 1 மீட்டர்தான் நகரும்; முடுக்கமும் பாதி. மற்றபடி வழி அதேதான்.

ஆட்வுட்டும் சுரங்கமும்

இந்தக் கருவியைக் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜார்ஜ் ஆட்வுட் 1784-ல் தம் நூலில் விவரித்தார். விழும் வேகத்தைக் குறைத்து, கடிகாரத்தால் அளக்க வழி செய்தது அது.

ஆழச் சுரங்கங்களிலும் இதே தத்துவம்தான். ஒரு கூண்டு இறங்க, மறு கூண்டு ஏறும். வெறுங்கூண்டுகளின் எடை ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஆனால் 3 கிலோமீட்டருக்கும் ஆழமாகச் சென்ற சாம்பியன் ரீஃப் போன்ற சுரங்கத்தில், 'எடையற்ற கயிறு' என்றால் தாத்தாமார்கள் சிரிப்பார்கள். அங்கே வடத்தின் எடையே டன் கணக்கு! அதையும் சேர்த்து இழுப்பதால், சக்கரத்தை ஒட்டிய மேல் பகுதிதான் அதிகம் இழுபடும்.

தாத்தா தம் உயிரையே ஒப்படைத்த கயிற்றின் கணக்கு இது. பேரனுக்கும் பேத்திக்கும் வராமலா போய்விடும்?