கர்ப்ப காலத்தில் சீஸ்: எது ஆகும், எது ஆகாது

கர்ப்பிணிகள் சீஸ் சாப்பிடுவது பற்றிய எச்சரிக்கைகளில் பெரும்பகுதி லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்ற ஒரே பாக்டீரியாவைப் பற்றியது. மண், நீர், கால்நடைச் சாணம் என எங்கும் வாழும் இந்தக் கிருமி, கறக்கும்போதோ அதன்பின் கையாளும்போதோ பாலில் கலந்துவிடும். உணவைக் கெடுக்கும் கிருமிகள் பலவும் குளிரில் முடங்கிவிடும்; இதுவோ ஃபிரிட்ஜுக்குள்ளும் மெல்ல மெல்லப் பெருகும். ஃப்ரீசரில் வைத்தாலும் சாகாது. கிருமி கலந்த சீஸில் வாடையோ நிறமோ ருசியோ மாறாததால், மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இக்கிருமியால் வரும் நோய் அரிதானதுதான். ஆனால் அது தேடிப் பிடிப்பது கர்ப்பிணிகளை. கருவைத் தாங்குவதற்கேற்பத் தாயின் நோய் எதிர்ப்பாற்றல் மாறுவதால், மற்றவர்களைவிட அவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு 10 மடங்கு அதிகம் என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். தாய்க்குப் பெரும்பாலும் லேசான காய்ச்சல், உடல்வலி, அசதியோடு போய்விடும். கிருமியோ நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் சென்றுவிடும். கருச்சிதைவு, குறைப்பிரசவம், குழந்தை இறந்து பிறத்தல், பிறந்த சிசுவுக்கு ரத்தத்திலோ மூளை உறையிலோ தொற்று ஆகியவை அதன் விளைவுகள். தாய் எளிதில் தேறிவிட, குழந்தை பலியாவதுதான் இந்நோயின் கொடுமை.

1985-இல் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் அப்படித்தான் நடந்தது. அங்கு பதிவான 142 லிஸ்டீரியா நேர்வுகளில் 93, கர்ப்பிணிகளும் அவர்களது சிசுக்களும் சம்பந்தப்பட்டவை. மொத்தம் 48 இறப்புகள். அவற்றில் 20 கருவிலேயே நேர்ந்தவை, 10 பச்சிளம் சிசுக்களுடையவை. காரணம், மெக்சிகோ பாணியில் தயாரான மென்மையான வெள்ளை சீஸ். அதைச் செய்த ஆலையில் பாஸ்சுரைஸ் செய்த பாலோடு பச்சைப் பாலும் கலந்திருந்தது விசாரணையில் வெளிப்பட்டது.

பாஸ்சுரைஸ் செய்வது என்றால், பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி, அல்லது 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்திருந்து குளிர்விப்பது. லிஸ்டீரியா இதைத் தாங்காது. மாட்டிடமிருந்து வரும் புருசெல்லா போன்ற கிருமிகளும் இதில் அழிந்துவிடும். ஆகவே கர்ப்பிணி எந்த சீஸை வாங்கினாலும், அது பாஸ்சுரைஸ் செய்த பாலில் ஆனதா என்று முதலில் லேபிளைப் பார்க்க வேண்டும். இன்று ஆரோவில்லிலும் கொடைக்கானலிலும் ஐரோப்பிய வகை சீஸ்கள் தயாராகின்றன. அவற்றுக்கும் இந்த விதிதான். லேபிளில் விவரம் இல்லை, விற்பவருக்கும் தெரியவில்லை என்றால் பிரசவம் வரை அதை ஒதுக்கிவிடுவதே நல்லது.

பாலுக்கு அடுத்தபடி சீஸின் ஈரமும் புளிப்பும் முக்கியம். செடார், பார்மசான் போன்ற கெட்டி வகைகளில் நீர் குறைவு, உப்பும் அமிலமும் அதிகம்; மாதக்கணக்கில், பார்மசான் என்றால் குறைந்தது 12 மாதம், முதிர வைக்கப்படுபவை. அந்தச் சூழலில் கிருமி பெருக வழியில்லை. பிரீ, கமம்பேர் போன்றவை இதற்கு நேர்மாறு. உள்ளே குழைவாக இருக்கும் இவற்றின் வெளிப்புறத்தில் வெள்ளைப் பூஞ்சை வளரும். அந்தப் பூஞ்சை சீஸின் அமிலத்தைத் தின்று தீர்க்கத் தீர்க்கப் புளிப்பு இறங்கும். ஈரமும் இருக்கிறது, தடுக்க அமிலமும் இல்லை. லிஸ்டீரியாவுக்கு இதைவிட வசதியான இடம் வேண்டாம். நீலப் பூஞ்சை ஓடும் கோர்கொன்சோலா, ராக்ஃபோர்ட் வகைகளும் இப்படித்தான். அதனால், பாஸ்சுரைஸ் செய்த பாலில் ஆனவையாக இருந்தாலும் இவற்றைச் சூடாக்காமல் உண்ண வேண்டாம் என்கிறது பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை. லண்டனிலும் பாரிஸிலும் குடியிருக்கும் தமிழ்ப் பெண்களுக்கு இந்த அறிவுரை அன்றாடம் தேவைப்படுவது. ஆவி பறக்கும்வரை முழுதும் சூடாக்கினால் உண்ணலாம். மேலே லேசாக உருகினால் மட்டும் போதாது.

பாஸ்சுரைஸ் செய்தவுடன் ஆபத்து முற்றும் நீங்கிவிடாது. கிருமி பிறகு ஆலையின் கருவியிலிருந்தோ, கடையில் துண்டு போடும் கத்தியிலிருந்தோ ஒட்டிக்கொள்ளலாம். மேலே சொன்ன மெக்சிகோ பாணி வெள்ளை சீஸைப் பாஸ்சுரைஸ் செய்த பாலில் செய்திருந்தாலும் 74 டிகிரி வரை சூடாக்கித்தான் உண்ண வேண்டும் என்று அமெரிக்காவில் அறிவுறுத்துவது இதனால்தான். கடையில் வெட்டி விற்கும் துண்டைவிட மூடிய பாக்கெட் மேல். பிரித்த பிறகு ஃபிரிட்ஜில் வைத்துச் சில நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும்.

தமிழ்நாட்டு வீடுகளில் புழங்கும் சீஸ் பெரும்பாலும் கவலைக்குரியதல்ல. ஸ்லைஸ், கியூப், டின் என்று விற்கப்படும் பிராசஸ்டு சீஸ், தயாரிப்பின்போதே சூடாக்கி உருக்கப்படுகிறது. பீட்சாவின் மொசரெல்லா அடுப்பில் கொதித்து வருகிறது. சூடு ஆறுமுன் சாப்பிட்டால் போதும். பனீரில் சற்றுக் கவனம் வேண்டும். காய்ச்சிய பாலைத் திரித்துத்தான் செய்கிறார்கள் என்றாலும் அதில் ஈரம் அதிகம், புளிப்பு குறைவு, பிறகு கைபடுவதும் உண்டு. தண்ணீரில் கிடக்கும் உதிரி பனீரைத் தவிர்த்து, ஆவின் போன்ற பாக்கெட் பனீரை வாங்கி, பச்சையாகத் தின்னாமல் குழம்பிலோ பொரியலிலோ நன்றாக வேகவைத்து உண்பது நலம். வீட்டில் பாலைப் பொங்கக் காய்ச்சி அன்றைக்கே செய்து சமைத்தால் இன்னும் நல்லது.

பயந்து சீஸை அடியோடு விடத் தேவையில்லை. 30 கிராம் செடாரில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 1,000 மில்லிகிராம். புரதமும் பி12-உம் கூடவே கிடைக்கும். பிராசஸ்டு சீஸில் உப்பு மிகுதி என்பதால், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிருமி உடலில் புகுந்து பல வாரங்கள் கழித்தும் காய்ச்சல் வரக்கூடும். 70 நாள் வரைகூட ஆகலாம். அதனால் கர்ப்ப காலத்தில் காய்ச்சல் அடித்தால், சளிக் காய்ச்சல் என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பார்த்து, கடந்த இரண்டு மாதங்களில் பச்சைப் பாலோ மென்மையான சீஸோ உண்டிருந்தால் அதையும் தவறாமல் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனையில் லிஸ்டீரியாவைக் கண்டறியலாம்; ஆம்பிசிலின் போன்ற ஆன்டிபயாடிக்கை உரிய நேரத்தில் தொடங்கினால் குழந்தையைக் காப்பாற்றும் வாய்ப்பு கூடும்.