செம்பனைக்கு நடுவே ஒரு பழங்கடல்

மாணவர்களே, கோலா கெட்டில் வட்டாரத்தில் மண் வெட்டிய குன்றுகளைக் கவனித்திருக்கிறீர்களா? குவே லாப்பிஸ் போல அடுக்கடுக்காகத் தெரியும் கெட்டியான கல்தான் செர்ட். செமங்கோல் பாறை அமைப்பைச் சேர்ந்தது. (பெயர் பேராக்கிலுள்ள குன்றினுடையது, கல் நம் கெடாவிலும் உண்டு!)

அந்தக் கல்லுக்குள் ரேடியோலேரியா என்னும் ஒற்றைச் செல் கடலுயிர்களின் சிலிக்கா கூடுகள் இருக்கின்றன. 200 மில்லியன் ஆண்டுகளுக்கும் முன்பு, அவை இறந்து ஆழ்கடல் தரையில் மெதுவாகப் படிந்து கல்லாயின. அதாவது, இன்று செம்பனை நிற்கும் இடம் அன்று கடலடி.

“சார், அப்போ தங்கம் கிடைக்குமா?” என்று வகுப்பில் கேட்பார்கள். கடலடியில் உலோகம் சேரும் ஒரு வழி எரிமலைச் சூடு. விரிசல் வழியே இறங்கும் கடல்நீர் சூடேறி, பாறையிலுள்ள செம்பு, துத்தநாகம், இரும்பைக் கரைத்துக்கொண்டு மேலே பீறிடும். குளிர்ந்த நீர் பட்டதும் அவை கந்தகத்தோடு சேர்ந்து படியும். 1979இல் பசிபிக் கடலடியில் சுமார் 350 பாகை சூட்டில் கரும்புகை போல் நீர் கக்கும் ஊற்றுகளை ஆய்வாளர்கள் நேரிலேயே கண்டார்கள். இப்படிப் பிறந்த பழைய படிவுகள் பகாங்கில், தாசிக் சினி அருகே உள்ளன.

நம் குன்றுகளை வெட்டியதால்தான் அடுக்குகள் வெளியே தெரிந்தன. மேலும் வெட்டினால் அவையும் போய்விடும். பார்த்தால் படம் எடுங்கள், இடத்தையும் தேதியையும் குறியுங்கள். வெட்டிய சரிவின் அடியில் மட்டும் நிற்காதீர்கள்.