உங்களுக்குத் தெரியுமா? பிளந்த முடி ஒட்டாது!
வெளியே தெரியும் தலைமுடி உயிரற்ற கெரட்டின். அதனால் நுனி பிளந்தால் தானாக ஆறாது. விளம்பரம் என்ன சொன்னாலும், பிளவுக்குச் சற்று மேலே கத்தரிப்பதுதான் வழி.

சேதம் வராமல் தடுக்கலாம். நனைந்த முடி நீரை உறிஞ்சி ஊதும்; இழுத்தால் சட்டென்று அறும். குளித்த கையோடு சீவாதீர்கள். அவசரமென்றால் அகலப்பல் சீப்பால், நுனியில் தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுங்கள்.

தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய்களை ஒப்பிட்ட ஆய்வொன்று 2003-இல் வெளியானது. முடியின் புரத இழப்பைக் கணிசமாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. (ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தார் என்பதையும் சேர்த்தே படியுங்கள்!) அதிலுள்ள லாரிக் அமிலத்தின் சிறிய, நேரான மூலக்கூறு முடித்தண்டுக்குள் இறங்குகிறது. தலைக்குக் குளிக்கும் முன் தேய்த்தாலும், பின் தேய்த்தாலும் பலன் தெரிந்தது.