கண்ணாடிக் கிண்ணத்தில் வறள்நிலச் செடிகள்

கண்ணாடிக் கலத்துக்குள் மண்ணிட்டுச் செடி வளர்க்கும் அமைப்பான டெர்ரேரியம், குழந்தைகளோடு சேர்ந்து வீட்டில் செய்யத்தக்க கைவேலையாக இன்று பரவியிருக்கிறது. ஆனால் அழகுக்காக விற்கப்படும் மூடிய குப்பிகளைப் பார்த்து அதே வகையில் சதைப்பற்றுச் செடிகளை நடுவோர், விரைவிலேயே அழுகிய தண்டுகளைப் பிடுங்கி எறிய நேர்கிறது. இதில் கைராசிக்குப் பங்கில்லை. மூடிய கலத்தின் இயல்பும் அச்செடிகளின் இயல்பும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை.

லண்டன் மருத்துவர் நத்தானியேல் பாக்ஷா வார்ட், 1829ஆம் ஆண்டளவில், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு குப்பியிலிட்டு மூடிவைத்தபோது, அம்மண்ணில் பெரணிச் செடியொன்றும் புல்லும் தாமாக முளைத்து, யாரும் நீரூற்றாமலே சில ஆண்டுகள் வாழ்ந்தன. மண்ணிலிருந்து ஆவியான நீர் கண்ணாடியில் துளிகளாகப் படிந்து மீண்டும் மண்ணுக்கே திரும்பியதால் அது இயன்றது. ஈரத்தில் தழைக்கும் பெரணிக்கு வாய்ப்பாக அமைந்த இச்சுழற்சியே வறள்நிலச் செடிக்குக் கேடாகிறது.

சதைப்பற்றுத் தாவரங்கள் என்பவை இலையிலோ தண்டிலோ நீரைச் சேமித்து வறட்சியைக் கடப்பவை; சோற்றுக்கற்றாழையும் பிரண்டையும் தமிழகத்தில் யாவரும் அறிந்த சான்றுகள். இவற்றுள் பல, பகல் வெயிலில் நீர் வீணாகாதிருக்கத் தம் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் அவற்றைத் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கி, அதனை மாலிக் அமிலமாக மாற்றி வைத்து, விடிந்தபின் ஒளியின் துணையால் உணவாக்குகின்றன. இலை காலையில் புளித்து நண்பகலுக்குள் அப்புளிப்பை இழப்பதை, சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலையைச் சுவைத்தறிந்து எழுதிய கடிதம் 1815இல் அச்சேறியது. ரணகள்ளியில் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சும் இருப்பதால், இச்சோதனையைக் குழந்தையோடு செய்து பார்க்க வேண்டியதில்லை.

ஆகவே கலம் மூடியற்றதாகவும் வாயகன்றதாகவும் இருத்தல் வேண்டும். பழைய மீன்தொட்டியே போதும். கலத்தின் அடியில் கூழாங்கற்களைப் பரப்பிவிட்டால் மிகை நீர் வடிந்துவிடும் என்று பலரும் எழுதுகின்றனர், அது முழுவதும் சரியன்று. நுண்துகள்கள் நிறைந்த மண், நுண்புழை ஈர்ப்பு எனப்படும் விசையால் நீரைத் தன் இடுக்குகளில் பிடித்துவைத்துக்கொண்டு, தான் முழுதும் ஊறித் தெவிட்டும்வரை அதனைக் கீழுள்ள பருங்கற்களுக்கு விடுவதில்லை. அதனால் கல்லடுக்கு, ஈரம் மிகுந்த பகுதியை வேருக்கு அருகே உயர்த்திவிடுகிறது. கற்கள் கண்ணுக்கு அழகு, அவ்வளவே. வடிகால் துளையில்லாத கலத்தில் வேரைக் காப்பவை மண்கலவையும் நீரூற்றும் அளவுமே. செம்மண், தூசி சலித்து நீக்கிய பருமணல், பொடித்த செங்கல் ஆகிய மூன்றையும் சம பங்காகக் கலந்துகொள்ளலாம். உப்புள்ள கடல்மணலையும், ஈரத்தை நெடுநேரம் பிடித்துவைக்கும் தேங்காய் நார்க்கழிவையும் தவிர்ப்பது நல்லது. சலிப்பதும் கலப்பதும் குழந்தைக்கு ஏற்ற வேலைகளே, எனினும் மூன்று வயதுக்குட்பட்டோர் சிறுகற்களை விழுங்கிவிடக்கூடும்.

செடித் தேர்வில் ஊரின் தட்பவெப்பத்தையும் கருத வேண்டும். மெக்சிகோவின் மேட்டுநிலங்களைச் சேர்ந்த எக்கிவீரியா, உதகையிலும் கொடைக்கானலிலும் செழிப்பதுபோலச் சென்னையின் புழுக்கத்தில் செழிப்பதில்லை; தென்னாப்பிரிக்காவில் புதர்நிழலில் வளரும் ஹாவர்த்தியாவோ வீட்டுக்குள் வரும் மிதமான ஒளியிலும் தாக்குப்பிடிக்கும். பால் வடியும் கள்ளிகளைக் குழந்தை கையாளும் கலத்தில் நடவே கூடாது, ஏனெனில் கள்ளிப்பால் கண்ணில் பட்டால் கடும் புண்ணை உண்டாக்கும். நட்ட கலத்தைச் சன்னலோரம் வைக்கலாம்; நண்பகல் வெயில் நேரே விழுமிடத்தில் கண்ணாடி வெப்பத்தைத் தேக்கி இலையைக் கருக்கிவிடும்.

குழந்தைக்கு நீரூற்றுவதில் உள்ள ஆர்வமே இச்செடிகளுக்கு நேரும் பெரிய ஆபத்து. ஓர் ஈர்க்குச்சியை மண்ணின் அடிவரை செருகி எடுத்து, அதில் மண் ஒட்டியிருந்தால் ஊற்றக்கூடாது, உலர்ந்து வந்தால் மட்டும் வேரடியில் சில கரண்டி ஊற்றலாம் என்று பழக்கிவிட்டால், முடிவெடுக்கும் பொறுப்பைக் குழந்தையிடமே விடலாம். சுருங்கிய இலை பெரும்பாலும் தாகத்தையும், மஞ்சளித்துக் கண்ணாடிபோல் ஊடுதெரியும் கொழகொழத்த இலை மிகைநீரையும் காட்டும்.

நீரூற்றாத நாட்களில் குழந்தையின் கவனத்தை ஈர்க்க ரணகள்ளி இலை ஒன்று போதும். அதனை ஈரமண்மேல் கிடத்தினால், இலைவிளிம்பின் ஒவ்வொரு வெட்டிலிருந்தும் வெண்ணிற வேர்களும், அவற்றின்மேல் நகக்கண்ணளவு இலையிணைகளும் தோன்றுவதை நாள்தோறும் பார்க்கலாம். இக்கன்றுகள் விரைவில் பருத்து மெதுவாக வளரும் ஹாவர்த்தியாவை நெருக்கிவிடுமாதலால், இந்த இலையைத் துளையுள்ள தனி மண்தொட்டியில் வைப்பதே முறை.